படையும் பாதையும் – 23: தத்துப் போன தலைப்பிள்ளைகள்

குன்னூரை அடுத்த வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. ஊட்டிக்குப் போகிறவர்களில் பலர் அந்தப் பக்கம் கடந்துபோயிருப்பீர்கள். அந்த ரெஜிமெண்டின் பட்டாலியன்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். வரிசை 2-இல்தான் தொடங்குகிறது. 2 மதராஸ், 3 மதராஸ், 4 மதராஸ் என்று போகிறது. 1 மதராஸைக் காணோம். போரில் அழிந்துபோனதா என்றால் இல்லை. கலைத்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. சரி, சீக்கிய ரெஜிமெண்டைப் பார்க்கலாம் என்று போனால் அங்கேயும் 1 இல்லை. டோக்ரா, கார்வால், 8-ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸ் என்று எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் மூத்த பிள்ளை ஊரில் இல்லை.

எல்லோரும் ஒரே வீட்டுக்குத் தத்துப் போயிருக்கிறார்கள். அந்த வீடு 1979 ஏப்ரல் 2 அன்று உருவான இயந்திரமயக் காலாட்படை ரெஜிமெண்ட். போன இடத்தில் பெயரும் மாறிவிட்டது: 1 மதராஸ் 1 மெக் ஆனது, 1 ஜாட் 2 மெக், 1/8 கூர்க்கா 3 மெக், 1 சீக் 4 மெக். இப்படியே போகிறது பட்டியல்.

இது ஏன் நடந்தது என்று புரிய, சென்ற இதழில் நாம் நிறுத்திய இடத்துக்கே திரும்ப வேண்டும். 1965 செப்டம்பர், பாகிஸ்தானுடனான போர், சியால்கோட் முனை. 1-ஆவது கவச டிவிஷன் எல்லை தாண்டி, செப்டம்பர் 11 அன்று பில்லோராவைப் பிடித்தது. அதன்பின் சாவிண்டாவுக்கு முன்னால் இழுபறி. அந்த டிவிஷனில் டாங்கிகளோடு சேர்ந்து போவதற்கென்றே ஒரு காலாட்படை இருந்தது. அதன் பெயரைக் கேளுங்கள்: 43 லாரி பிரிகேட். பெயரிலேயே பிரச்சினை முழுவதும் இருக்கிறது. லாரி சாலையில் ஓடும். கரும்புத் தோட்டத்தில் ஓடாது. மழை பெய்த வயலில் இறங்கினால் அச்சு வரை புதையும். எதிரியின் பீரங்கிக் குண்டு ஐம்பது கஜம் தள்ளி விழுந்தாலும் கூரையில்லாத லாரியில் உட்கார்ந்திருப்பவன் கதி என்ன? ஆகவே சண்டை தொடங்கும் இடத்துக்கு வெகு முன்னாலேயே சிப்பாய் இறங்கிவிடுவான். அங்கிருந்து நடை. டாங்கி முன்னால் போகும், காலாள் பின்னால் மூச்சிரைக்க நடப்பான். இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

செப்டம்பர் 16 அன்று புட்டூர் டோக்ராண்டியில் அந்த இடைவெளியின் விலை தெரிந்தது. டாங்கிகள் பூனா ஹார்ஸ் ரெஜிமெண்டினுடையவை, காலாட்கள் 8 கார்வாலினர். பூனா ஹார்ஸின் தளபதி லெப்டினன்ட் கர்னல் தாராபூர் அன்று உயிர்விட்டார். அவருக்குப் பரம் வீர் சக்ரா என்பது நம்மில் பலருக்குத் தெரியும். கார்வாலினரின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஜிராடும் அதே கிராமத்துக்கான சண்டையில்தான் இறந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. இரும்புக்குள் இருந்த தளபதியும் வெறும் சட்டையோடு நின்ற தளபதியும் ஒரே சண்டையில் போனார்கள். ஆனால் இருவரின் ஆட்களும் அந்த இடத்தை அடைந்த விதம் வேறு. ஒருவர் ஆட்கள் இரும்புக்குள் உட்கார்ந்து வந்தார்கள், மற்றவர் ஆட்கள் பீரங்கி மழையில் நடந்து வந்தார்கள்.

இதில் வேடிக்கை, இந்தப் பாடத்தை இந்தியச் சிப்பாய் இருபது வருடத்துக்கு முன்பே படித்துத் தேறியிருந்தான். 1945 ஏப்ரல் 16, இத்தாலியில் பொலோஞா நகருக்குக் கிழக்கே மெடிசினா என்ற சிற்றூர். அங்கே போனதும் ஒரு 43-ஆவது பிரிகேட்தான். கூர்க்கா லாரி பிரிகேட் என்று அழைக்கப்பட்டது. அன்று அவர்கள் லாரியில் போகவில்லை. டாங்கியின் கோபுரத்தைக் கழற்றிவிட்டு, அந்தக் குழியில் சிப்பாய்களை ஏற்றுகிற ஒரு வண்டி அப்போது புதிதாக வந்திருந்தது. வயிற்றில் குட்டியைச் சுமக்கிற மாதிரி இருந்ததால் கங்காரு என்று பெயர். 6-ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸின் இரண்டாம் பட்டாலியன் கங்காருகளில் ஏறிக்கொள்ள, 14/20 ஹுஸ்ஸார் என்ற பிரிட்டிஷ் ரெஜிமெண்டின் டாங்கிகள் கூடவே வர, இருட்டுகிற நேரத்தில் நேராக ஊருக்குள் புகுந்தார்கள். வீட்டு வாசலில் குதித்து இறங்கிச் சண்டை போட்டார்கள். ஊர் அன்றிரவே விழுந்தது. அந்த ஹுஸ்ஸார்கள் அதை மறக்கவில்லை. குறுக்கே வைத்த இரண்டு குக்ரிக் கத்திகளின் சின்னத்தைச் சட்டைக் கையில் அணிந்துகொண்டார்கள்.

மறந்தது நாம்தான். 1947-இல் படை பிரிந்தது. அந்தக் கூர்க்கா ரெஜிமெண்ட் பிரிட்டனோடு போய்விட்டது. கங்காருகள் எந்த நாட்டுக் குப்பைக் கிடங்கிலோ துருப்பிடித்தன. எண் மட்டும் மிஞ்சியது, எண்ணோடு லாரியும் மிஞ்சியது.

1965-க்குப் பிறகு டில்லி விழித்துக்கொண்டது. சில காலாட்படைப் பட்டாலியன்களைத் தேர்ந்தெடுத்து டாங்கி ரெஜிமெண்டுகளோடு சேர்ந்து பயிற்சி செய்ய விட்டார்கள். 1969 முதல் அவர்களுக்கு வண்டி வந்தது. செக்கோஸ்லோவாக்கிய வம்சத்தின் இரண்டு வண்டிகள்: சங்கிலித் தடத்தில் ஓடும் டோபாஸ், எட்டுச் சக்கரத்தில் ஓடும் ஸ்காட். இரண்டுமே தண்ணீரில் நீந்தும். ஸ்காட்டுக்குள் பதினெட்டுப் பேர் வரை அடைந்துகொள்ளலாம். துப்பாக்கிக் குண்டையும் சிதறல்களையும் மேல்தகடு தாங்கும். லாரியோடு ஒப்பிட்டால் அரண்மனை.

ஆனால் இந்த வண்டிகள் வாடகைக் கார் மாதிரி. களத்தின் ஓரத்தில் கொண்டுபோய் விடும். அதற்குமேல் அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. கையில் இருப்பது ஓர் இயந்திரத் துப்பாக்கி. டாங்கியை எதிர்க்க முடியாது, மண்மூட்டைக்குப் பின்னால் இருப்பவனை அசைக்கவும் முடியாது. 1971 டிசம்பரில் ஷக்கர்கர் பகுதியில் 16-ஆவது கவசப் பிரிகேட் சண்டையிட்டபோது அதனோடு 18 ராஜ்புதானா ரைஃபிள்ஸ் இருந்தது. பின்னாளில் அதுவும் தத்துப் போன பிள்ளைகளில் ஒன்றுதான். அந்தப் போரில் இந்தியா வென்றது. வென்ற படைக்குத் தன் குறை தெரிவது கடினம். 1975-இல் குறையைத் தேடிப் பார்க்க ஒரு குழு அமைத்தார்கள் என்பதே என் கணக்கில் பெரிய விஷயம்.

லெப்டினன்ட் ஜெனரல் கே.வி. கிருஷ்ணாராவ் தலைமையிலான அந்தக் குழுவில் இருந்த ஒருவர்தான் இந்த அத்தியாயத்தின் நாயகர். கிருஷ்ணசாமி சுந்தர்ஜி. செங்கல்பட்டில் பிறந்தவர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே ராணுவத்துக்குப் போனவர். மஹர் ரெஜிமெண்டின் காலாட்படை அதிகாரி. காங்கோவில் ஐ.நா. படையில் வேலை பார்த்தவர். பிறகு காலாட்படைக்காரராக இருந்துகொண்டே 1-ஆவது கவச டிவிஷனுக்குத் தளபதியானார். குதிரைப்படைப் பரம்பரை என்று மார்தட்டுகிற டாங்கிக்காரர்களிடையே இது எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நடையின் களைப்பையும் அறிந்தவர், டாங்கியின் வேகத்தையும் அறிந்தவர் என்பதுதான் அவருடைய பலம்.

அதே சமயத்தில் ரஷ்யர்களிடம் வேறொரு வண்டி தயாராக இருந்தது. 1967 நவம்பரில் மாஸ்கோ அணிவகுப்பில் முதன்முதலாக உலகத்தின் கண்ணில் பட்ட பிஎம்பி-1. இது வாடகைக் கார் இல்லை. சிப்பாயை ஏற்றிக்கொண்டு, அவனோடு சேர்ந்து தானும் சண்டை போடுகிற வண்டி. 73 மில்லிமீட்டர் பீரங்கி, அதற்கு மேலே டாங்கியைத் துளைக்கும் ஏவுகணை, பக்கத்தகட்டில் சிப்பாய்கள் துப்பாக்கி நீட்டிச் சுட வரிசையாகத் துளைகள். எடை 13 டன், ஆகவே நீந்தும். உயரம் ஒரு நெட்டை மனிதனுக்குச் சற்று மேல். ஆகவே பயிருக்குள் பதுங்கும்.

நம் பழைய இலக்கியத்தில் படை நான்கு வகை: தேர், யானை, குதிரை, காலாள். டாங்கியை யானை என்று சொல்லாத பேச்சாளர் கிடையாது. தேர் மட்டும் கோயில் வீதியோடு நின்றுவிட்டது என்று நினைத்தோம். அது பிஎம்பியாகத் திரும்பி வந்தது. அதன் அடுத்த வடிவமான பிஎம்பி-2-ஐ இந்தியாவிலேயே கட்டத் தொடங்கியபோது வைத்த பெயரும் அந்தக் குடும்பத்துப் பெயர்தான்: சாரத். வண்டி தயாராவது ஆந்திரத்தின் மேடக்கில் (இன்றைக்குத் தெலங்கானா). அதற்கு எஞ்சின் போவது நம் ஆவடியிலிருந்து.

வண்டி கிடைத்துவிட்டது. யார் ஏறுவது? இங்கேதான் தத்து விவகாரம் வருகிறது.

வண்டி பெற்ற பட்டாலியன்கள் பத்துப் பன்னிரண்டு ரெஜிமெண்டுகளில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயிற்சி முறை, ஒரு பழக்கம். 2 மதராஸில் நடந்து பழகிய சுபேதார் பதவி உயர்வில் 1 மதராஸுக்கு வந்தால் வண்டியின் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. வண்டி ஓட்டியும் பீரங்கி சுட்டும் தேறியவன் மாற்றலில் வேறு பட்டாலியனுக்குப் போனால் படித்ததெல்லாம் வீண். ஆகவே எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவது என்று முடிவானது. வாதமாகப் பார்த்தால் மறுக்க இடமில்லாத முடிவு.

ஆனால் ரெஜிமெண்ட் என்பது வாதத்தில் நிற்கிற வஸ்து அல்ல. தகப்பனும் தாத்தாவும் இருந்த பல்டனில் மகன் சேர்வது, தங்கள் மொழியில் தங்கள் சாமியைக் கும்பிடுவது, ஒரே போர்க்கூச்சலில் ஓடுவது. வெலிங்டன்காரர்களுக்கு ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்பது கத்துகிற வாசகம் மட்டும் இல்லை. தத்துப் போன வீட்டில் அது செல்லாது. அங்கே கூச்சல் ‘போலோ பாரத் மாதா கீ ஜெய்’. எல்லா மாநிலத்தவரும் கலந்திருக்கிற படையில் வேறெதைக் கத்துவது?

கொடுத்தவர்கள் கொடுத்தது சாமானியமான பிள்ளைகளையும் அல்ல. 1 மதராஸ் 1776-இல் திரட்டிய கர்நாடகப் பட்டாலியனின் வாரிசு; அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த அதே ஆண்டு. 1 கார்வாலின் தர்வான் சிங் நேகி 1914-இல் பிரான்ஸில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். 1 சீக்கின் கதை தனிப் புத்தகம்: 1947 அக்டோபர் 27 அன்று டகோட்டா விமானங்களில் ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய பட்டாலியன் அது. அதன் தளபதி ரஞ்சித் ராய் பாராமுல்லாப் பக்கம் உயிர்விட்டார். 1948-இல் தித்வாலில் கரம் சிங், 1962-இல் தவாங் பாதையில் ஜோகிந்தர் சிங் என்று ஒரே பட்டாலியனுக்கு இரண்டு பரம் வீர் சக்ரா. 1/8 கூர்க்காவின் தன் சிங் தாப்பா 1962-இல் பாங்கோங் ஏரியின் வடகரையில் சிரிஜாப் காவல்நிலையைக் காத்தவர். இறந்துவிட்டார் என்றே பரம் வீர் சக்ராவை அறிவித்தார்கள், பிறகு சீனச் சிறையிலிருந்து உயிரோடு திரும்பினார். இப்படிப்பட்ட மூத்தவனை யார் மனமுவந்து கொடுப்பார்கள்?

இதற்கு ஒரு முன்னுதாரணம் இருந்தது. 1949-இல் ஜெனரல் கரியப்பா கார்ட்ஸ் பிரிகேடை உருவாக்கியபோதும் பஞ்சாப், கிரெனடியர்ஸ், ராஜ்புதானா ரைஃபிள்ஸ், ராஜ்புத் ஆகிய வீடுகளிலிருந்து மூத்த பட்டாலியன்களை எடுத்துத்தான் கட்டினார். பெயரில் பிரிகேட் இருந்தாலும் அது ஒரு ரெஜிமெண்ட். அதன் பட்டாலியன்களும் பின்னர் பிஎம்பி ஏறின. புதிய வீட்டுக்கு மதிப்பு வேண்டுமென்றால் பழைய ரத்தம் வேண்டும் என்பது அன்றே கண்ட வழி. புதிதாக ஆள் எடுத்துப் புதிய பட்டாலியன்களைத் தொடங்கியிருந்தால் இயந்திரமயக் காலாட்படைக்கு இன்றுவரை ‘டிரைவர் பட்டாளம்’ என்ற கேலிப் பெயர்தான் மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

புதிய வீடு மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில். நேருவைச் சிறைவைத்த கோட்டை இருக்கிற அதே ஊர். கவசப் படையின் பயிற்சி மையமும் அங்கேதான். நடந்தே பழகிய காலாள் அங்கே முதலில் கற்றுக்கொண்டது சுடுவதை அல்ல, வண்டியைத் துடைப்பதை. சாயங்காலம் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டவன் இப்போது சங்கிலித் தடத்தின் முளைகளை எண்ணுகிறான், கிரீஸ் வைக்கிறான், வடிகட்டியில் அடைந்த ராஜஸ்தான் மணலைத் தட்டுகிறான்.

வண்டியின் உள்ளே ஒருமுறை போய் வருவோம். பிஎம்பி-2-இல் பத்துப் பேர். முன்னால் இடதுபுறம் ஓட்டுநர், அவருக்கு வலப்புறம் எஞ்சின். நடுவே கோபுரத்தில் சுடுபவரும் வண்டித் தளபதியும். பழைய பிஎம்பி-1-இல் கோபுரத்தில் ஒருவர்தான். தளபதி ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து பாதிக் களம் தெரியாமல் ஆணையிட வேண்டும். அந்தக் குறையை 2-இல் சரிசெய்தார்கள்; 73-ஐ எடுத்துவிட்டு, மடமடவென்று பொழியும் 30 மில்லிமீட்டர் பீரங்கியையும் வைத்தார்கள். மற்ற ஏழு பேர் இறங்கிச் சண்டை போடுகிறவர்கள். பெரும்பாலும் பின்பக்கம் முதுகோடு முதுகாக, முழங்கால் தகட்டில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் இறங்குகிற பின்கதவு இரண்டும் உள்ளே கூடானவை. அதில் டீசல் நிரப்பியிருக்கும். எரிபொருளைக் கதவாக வைத்துக் கட்டிய அந்தப் பொறியாளரைப் பற்றி அதனுள் உட்கார்ந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

கணக்கு இங்கே கொஞ்சம் உதைக்கிறது, கவனியுங்கள். மூன்று வண்டி ஒரு பிளட்டூன். இறங்குகிறவர்கள் மூவேழு இருபத்தொன்று. நடந்து போகிற பிளட்டூனில் முப்பது பேருக்கு மேல் உண்டு. ஆக, இயந்திரமயமான காலாட்படைக்கு வேகம் கூடியது, சுடும் பலம் பல மடங்கானது, ஆனால் மண்ணில் ஊன்றுகிற கால்கள் குறைந்தன. ஒரு பட்டாலியனுக்கு ஐம்பதை ஒட்டிய வண்டிகள். அவற்றை ஓட்டவும் சுடவும் பழுது பார்க்கவுமே பாதிப் படை. சமவெளியில் இது லாபக் கணக்கு. ஊருக்குள், தெருவுக்குள் வந்தால் நஷ்டக் கணக்கு.

ரெஜிமெண்ட் வீடு என்றால் பிரிகேட் வேலை பார்க்கிற இடம். ஒரு பட்டாலியன் பிறப்பால் எந்த வீடாக இருந்தாலும், வேலைக்கு ஏதாவதொரு பிரிகேடில் இருக்கும். இயந்திரமயப் பிரிகேட் ஒன்றில் டாங்கி ரெஜிமெண்டும் பிஎம்பிப் பட்டாலியனும் அடுத்தடுத்து நிற்கும். ஒரு டாங்கி ரெஜிமெண்டில் 45 டாங்கிகள். கூடவே பாலம் போடுகிற டாங்கி, கண்ணிவெடி அகற்றும் பொறியாளர்கள், வயர்லெஸ்காரர்கள், பழுது பார்க்கும் பட்டறை, டீசல் வண்டிகள். ஆனால் இவை அப்படியே அணி அணியாகப் போருக்குப் போவதில்லை. சீட்டுக் கட்டைக் கலைக்கிற மாதிரி கலைப்பார்கள். டாங்கி ரெஜிமெண்டிலிருந்து 14 டாங்கி கொண்ட ஒரு ஸ்குவாட்ரனை எடுத்து பிஎம்பிக்காரர்களிடம் கொடுப்பார்கள். பிஎம்பிக் கம்பெனி ஒன்று டாங்கிக்காரர்களிடம் போகும். திறந்த வெளியா, டாங்கி அதிகம். கால்வாய், கிராமம், தோப்பா, காலாள் அதிகம். நேற்று யாரென்றே தெரியாத இரண்டு மேஜர்கள் இன்று ஒரே வயர்லெஸ் அலையில் ஒருவர் உயிரை ஒருவர் நம்ப வேண்டும். எல்லோரும் ஒரே வீட்டில் ஒரே பாடத்தைப் படித்திருக்க வேண்டும் என்று சுந்தர்ஜி பிடிவாதம் பிடித்ததன் பலன் இந்த இடத்தில்தான் கிடைத்தது.

1986 பிப்ரவரியில் அவரே தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனார். சாதாரணக் காலாட்படை டிவிஷன்களிலும் சிலவற்றை எடுத்து, மூன்று பிரிகேடில் ஒன்றை இயந்திரமயமாக்கி, ‘ராபிட்’ என்ற சுருக்கப் பெயரில் புதுவகை டிவிஷன்களை அமைத்தார். அந்தக் குளிர்காலத்தில் ராஜஸ்தானில் அத்தனையையும் ஓட்டிப் பார்த்த பிராஸ்டாக்ஸ் பயிற்சி பாகிஸ்தானை எந்த விளிம்புவரை கொண்டுபோனது என்பதை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்கிறேன். அது பெரிய கதை.

பஞ்சாப் சமவெளிக்கும் தார் பாலைக்கும் கணக்குப் போட்டுக் கட்டிய இந்தப் படை கண்ட களங்களோ வேறு. 1984 ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் அனுப்பிய ஸ்காட் வண்டி அகால் தக்த் அருகே ராக்கெட் பட்டு நின்றது. அப்போது மேற்குப் பிராந்தியத் தளபதி சுந்தர்ஜிதான். 1987 அக்டோபரில், இலங்கைக்குப் போன இந்தியப் படையோடு பிஎம்பிகள் யாழ்ப்பாணத்தில் இருந்தன. பனையோலை வேலியும் கிணறும் வாழைத் தோட்டமுமாக, இரண்டு மாட்டுவண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய ஒழுங்கைகள். கிலோமீட்டர் கணக்கில் தள்ளி டாங்கியைத் தேடும்படி படித்தவனுக்குப் பத்தடியில் வேலி. மெல்லிய அடித்தகடு சாலையில் புதைத்த கண்ணிவெடியைத் தாங்குகிற ஜாதி அல்ல. அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்து மக்கள் பட்ட பாட்டை இப்படியொரு படைக் கதையின் ஓரத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டு நகர்வது அநியாயம். அதற்கு இந்தத் தொடரில் தனி அத்தியாயம் இருக்கிறது.

1989 பிப்ரவரி 24 அன்று அகமதுநகர் அணிவகுப்பு மைதானத்தில், பிறந்து பத்து வருடம்கூட நிறையாத ரெஜிமெண்டுக்குக் கொடி வழங்கினார்கள். வழங்கியவர் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன், பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர். செங்கல்பட்டுக்காரர் அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டார். இந்தியப் படை அன்றைக்கும் இலங்கையில்தான் இருந்தது. கடைசிச் சிப்பாய் கப்பல் ஏற இன்னும் ஓராண்டுக்கு மேல் பாக்கி.

(தொடரும்)